பெட்டியும் பெத்தியும்

மலாக்கா மாநிலத்தின் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ ஒரு மின்சாதனக் கடையில் தோட்டத்துப் பாட்டி ஒருவர் "ஐஸ்பெட்டி என்ன விலை?" என்று கேட்டால், உடன் வந்த பேரன் அதைக் கடைக்காரரிடம் "பெத்தி செஜூக்" என்று மலாயில் மாற்றிச் சொல்வான். செஜூக் என்றால் குளிர்ச்சி. பெத்தி என்றால் பெட்டி. பேரன் மொழிபெயர்த்தது முன்பாதியை மட்டும்தான். பின்பாதி பாட்டி சொன்ன அதே தமிழ்ச் சொல். அது பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கடல் தாண்டி வந்து, இந்த நாட்டில் குடியுரிமை பெற்றுவிட்ட சொல்.

மலேசியாவில் தொழில்நுட்பம் பற்றித் தமிழர் பேசும்போதெல்லாம் ஒரு மனக்குறை எழும். புதுப் பொருள் ஒவ்வொன்றும் ஆங்கிலப் பெயரோடு வருகிறது, தமிழில் அதற்குச் சொல் இல்லை, இருந்தாலும் யாரும் சொல்வதில்லை என்பது அந்தக் குறை. நான் அதை ஏற்கவில்லை. நூறாண்டுக் காலமாக வீட்டுக்குள் வந்த சாதனங்களில் பலவற்றுக்கு நம் மக்கள் எந்தக் குழுவும் கூடாமல் தாமாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். முன்னால் ஒரு சொல்லைச் சேர்ப்பார்கள், பின்னால் 'பெட்டி' என்பார்கள். பாட்டுப்பெட்டி, ரேடியோப்பெட்டி, டிவிப்பெட்டி, ஐஸ்பெட்டி, ஆர்மோனியப்பெட்டி, சுருதிப்பெட்டி. சுருதிப்பெட்டி இன்று கைப்பேசிக்குள் ஒரு செயலியாகச் சுருங்கிவிட்டது. துருத்தியும் இல்லை, மரமும் இல்லை. இருந்தும் பஜனைக்கு உட்காருபவர் "பெட்டியைப் போடு" என்றுதான் சொல்கிறார்.

இந்தச் சொல் மலாயில் நுழைந்த கதையை மலாக்காவிலிருந்து சொல்வதுதான் முறை.

முதலில் ஒலி. நாவை வளைத்துச் சொல்லும் நம்முடைய 'ட்' மலாயில் இல்லை. மெய்யெழுத்தை இரட்டித்து அழுத்தும் வழக்கமும் இல்லை. அதனால் கப்பல் 'காப்பால்' ஆனது, கட்டில் 'காத்தில்' ஆனது, பெட்டி 'பெத்தி' ஆனது. தமிழ் எழுத்தில் காட்ட நாம் இரட்டித்து எழுதினாலும் அவர்கள் வாயில் அந்த மெய் ஒற்றையாகவே ஒலிக்கும். உயிரெழுத்தும் மாறியது. மலாயில் எகரம் இரண்டு. ஒன்று நம்முடையதைப் போலத் தெளிவானது. மற்றது பாதி விழுங்கியதுபோல் மங்கி ஒலிப்பது. பெத்தியில் இருப்பது இந்த மங்கிய எகரம். கடை என்ற சொல் 'கெடாய்' ஆனபோது முதலெழுத்து பெற்றதும் இதையே.

இந்த நுணுக்கம் ஒரு வழக்கைத் தீர்க்க உதவுகிறது. வடமொழியிலும் பேடகம், பேடிகை என்ற சொற்கள் உண்டு. மராத்தியர் ஆர்மோனியத்தைப் 'பேட்டி' என்றே அழைக்கிறார்கள். அப்படியானால் மலாய்ச் சொல் வடக்கிலிருந்து நேரே வந்திருக்கக் கூடாதா? கேள்வி நியாயமானது. ஆனால் வடமொழி நெட்டெழுத்து ஏகாரம் மலாய்க்குப் போகும்போது பெரும்பாலும் தெளிவான எகரமாகவே நிற்கிறது. தேவன் என்பதன் மலாய் வடிவமான 'தேவா'வையும், ஊரைக் குறிக்கும் 'தேசா'வையும் சொல்லிப் பார்த்தால் தெரியும். பெத்தியின் எகரம் அப்படி ஒலிப்பதில்லை. குறில் எகரமும் ஈற்றில் இகரமுமாக நிற்கும் தமிழ்ப் பெட்டியே அதன் தாய் என்று கொள்வது பொருந்துகிறது. மலாய்ச் சொற்பிறப்பை ஆராய்ந்தவர்களும் இதைத் தமிழ்க் கடன் என்றே குறித்திருக்கிறார்கள். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நான்கிலும் இந்தச் சொல்லுக்கு உறவினர் இருப்பதைப் பரோவும் எமனோவும் தம் திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் ஓரிடத்தில் கூட்டி வைத்தார்கள்.

ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துக்கொண்டு ஆடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வாக்குப்பெட்டிக்கு மலாயில் 'பெத்தி உண்டி'. கேட்டவுடன் கோயில் உண்டியல் நினைவுக்கு வரும், முழுத் தொடரும் தமிழ்தான் என்று குதிக்கத் தோன்றும். மலாய் உண்டியின் பொருள் வாக்கு, குடவோலை போன்ற குலுக்கல். உண்டியலோடு அதை உறவாக்க ஒலியைத் தவிர வேறு சான்று வேண்டும். சான்று கையில் இல்லாத இடத்தில் நின்றுவிடுவதே சொல்லாராய்ச்சிக்கு மரியாதை.

இனி வரலாறு. 1511இல் போர்த்துக்கீசியர் கைப்பற்றுவதற்கு முன்பு மலாக்காத் துறைமுகத்தில் வெளிநாட்டு வணிகரைக் கவனிக்க ஷாபண்டார் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தார்கள். 1512 முதல் சில ஆண்டுகள் அங்கே தங்கியிருந்த தோமே பீரிஸ் என்ற போர்த்துக்கீசியர் இதை எழுதி வைத்திருக்கிறார். குஜராத்தியருக்குத் தனியாக ஒருவர். தமிழ்க் கரையிலிருந்து வந்தவர்களையும் வங்காளம், பெகு, பாசாய் வணிகரையும் பார்த்துக்கொள்ள இன்னொருவர். பழவேற்காட்டிலிருந்து போன கட்டம்போட்ட துணி அந்த ஊரின் பெயராலேயே 'பெலேக்காட்' ஆனது. மலாய்க்கார ஆண்கள் வீட்டில் உடுத்தும் 'காயின் பெலேக்காட்' கைலி அதுதான். அந்தத் துணியோடு எந்தச் சொற்கள் கரையேறின என்று பார்த்தால் ஒரு வணிகனின் ஒரு நாள் வேலையே கண்ணில் தெரிகிறது. கப்பல் வந்தது. கடை திறந்தது. முதல் 'மோடால்' ஆனது. சரக்கைத் தரம் பிரிக்கும் வகை 'பாகாய்' ஆனது. பெட்டி பெத்தி ஆனது.

தமிழ் அங்கே கணக்கு வழக்கின் மொழியாக இருந்தது என்பதற்கு ஓர் உள்ளூர்ச் சாட்சி உண்டு. மலாக்காவில் 1796இல் பிறந்த முன்ஷி அப்துல்லா, அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பத்தில் வந்தவர், நவீன மலாய் உரைநடையின் முன்னோடி. சிறுவயதில் தம் தந்தை தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதைத் தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். வணிகக் கணக்குக்குத் தேவை என்பதால் மலாக்காவின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கம் என்பது அவர் தரும் காரணம். இன்று வேலைக்காக ஆங்கிலம் படிப்பதுபோல் அன்று மலாக்காவில் தமிழ் படித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் பெட்டி என்ற சொல் பரவ யாரும் பிரசாரம் செய்திருக்கத் தேவையில்லை.

எந்தப் பெட்டி போனது என்பதுதான் எனக்கு மிகவும் சுவையான கேள்வி. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் பெட்டி என்றால் பனையோலையில் முடைந்ததும் பெட்டிதான். ஓலைப்பெட்டி, நார்ப்பெட்டி என்பார்கள். யாழ்ப்பாணத்திலும் ஓலையில் இழைத்த பெட்டிகள் உண்டு. மலாயில் பெத்தி ஒருபோதும் ஓலைக்கூடை ஆகாது. அது கெட்டியானது, மூடியுள்ளது, பூட்டக்கூடியது. முடைந்த கூடைக்கு அவர்களுக்குச் சொந்தமாகவே 'பாக்குல்' போன்ற சொற்கள் இருந்தன. ஆகவே மலாய் எடுத்துக்கொண்டது கிராமத்து அடுக்களைப் பெட்டியை அல்ல, கப்பலில் ஏறிய வணிகனின் பூட்டுப் பெட்டியை என்பது என் முடிவு. இரும்புப் பெட்டகம் அங்கே 'பெத்தி பெசி' எனப்படுவதும் இதற்கு ஒத்து வருகிறது. பெசி என்றால் இரும்பு.

பிறகு மலாக்கா கைமாறிக்கொண்டே இருந்தது. போர்த்துக்கீசியர் தந்த அலமாரியும் ஜன்னலும் 'அல்மாரி', 'ஜெண்டேலா' என்று மலாயிலும் இருக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன. இரண்டு மொழியும் ஒரே கடைக்காரரிடம் வாங்கியவை. 1641இல் ஒல்லாந்தர் வந்தார்கள். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீங்கலாக 1825 வரை அவர்கள் ஆட்சி. அதன்பின் ஆங்கிலேயர். இந்தக் கைமாற்றம் இருபதாம் நூற்றாண்டின் குளிர்சாதனத்துக்குப் பெயர் வைத்ததிலும் தெரிகிறது. ஒல்லாந்தர் 1940கள் வரை இருந்த இந்தோனேசியாவில் அதன் பெயர் 'குல்காஸ்'. குளிர் அலமாரி என்று பொருள்படும் டச்சுச் சொல்லே சுருங்கி அப்படி ஆனது. இன்னொரு பெயர் 'லெமாரி எஸ்', போர்த்துக்கீசிய அலமாரியோடு பனிக்கட்டி. தீபகற்ப மலேசியாவில் அதே பொருள் தமிழ்ப் பெட்டியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நீரிணையின் ஒரு கரையில் டச்சு, மறு கரையில் தமிழ்.

மலாக்கா நகரின் காஜா பெராங்கில் செட்டிகள் வாழும் கம்பம், அதாவது சிற்றூர், இருக்கிறது. சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் அவர்கள். சைவ வழிபாட்டை விடவில்லை. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அவர்களுடையது. வீட்டு மொழி மட்டும் மலாயாகிவிட்டது. அந்த வீடுகளில் தமிழ் வாக்கியம் நின்று போய்ப் பல தலைமுறை ஆகிறது. ஆனால் தாய் மகளிடம் பெத்தி செஜூக்கிலிருந்து தண்ணீர் எடுத்து வரச் சொல்லும்போதெல்லாம் முன்னோர் கொண்டுவந்த ஒரு சொல் அந்த அடுக்களையில் ஒலிக்கிறது. இதை நினைக்கும்போது எனக்குப் பெருமிதத்தைவிட நெகிழ்ச்சியே அதிகம்.

தோட்டத்துத் தமிழர் கதை வேறு. தான் சாய் யான் என்ற சீனர் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்துப் புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. பால்மரம் வெட்டக் கங்காணிகள் வழியே ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வந்தது மலாக்கா நதி முகத்தில் அல்ல. பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கி, முகாமில் தங்க வைக்கப்பட்டு, பிறகு உள்ளே அனுப்பப்பட்டவர்கள். ரஜூலா போன்ற கப்பல்களில் வந்தவர்களின் தகரப்பெட்டிகள் லயத்து வீடுகளில் கட்டிலுக்கடியில் பல தலைமுறை இருந்தன. துணி, சீட்டுப் பணம், பிறப்புச் சான்றிதழ், சாமி படம் எல்லாம் அதற்குள். வீட்டில் பூட்டு போட்ட பொருள் அது ஒன்றாகவே இருந்திருக்கும்.

இவர்கள் மலாயிடம் நிறையக் கடன் வாங்கினார்கள். ரப்பர் மரமே 'கெத்தா'விலிருந்து 'கித்தா மரம்' ஆனது. பெட்டியை மட்டும் வாங்க வேண்டியிருக்கவில்லை. மலாய்க்காரர் சொல்வதையும் தாங்கள் சொல்வதையும் ஒன்றாகக் கேட்டுப் புரிந்துகொண்டார்கள். ரேடியோ மலாயா 1946 ஏப்ரலில் தொடங்கிய பிறகு ரேடியோப்பெட்டி வந்தது. 1963 டிசம்பர் 28இல் தொலைக்காட்சி வந்தது, 1978இல் வண்ணமானது. தோட்டக் கணக்கரான கிராணியார் வீட்டு வாசலிலோ மண்டபத்திலோ கூட்டமாக உட்கார்ந்து பார்த்த அந்தப் பொருளுக்குத் தோட்டம் வைத்த பெயர் டிவிப்பெட்டி. மலாயில் அது 'பெத்தி தெலெவிஷென்'.

பெட்டி என்ற பெயருக்குள்ளேயே ஒரு கருத்தும் இருந்தது. பெட்டி என்றால் உள்ளே ஏதோ இருக்க வேண்டும், அதன் உரிமையாளருக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். டிவியை 'முட்டாள் பெட்டி' என்று ஏசியவர்களின் கோபம் அதன்மேல்தான். உள்ளே இருப்பதை நாம் வைக்கவில்லை, யாரோ வைக்கிறார்கள். அதன்பின் 1996இல் அஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. தமிழ் அலைவரிசைக்காகக் கூரையில் தட்டும், டிவிக்குக் கீழே இன்னொரு பெட்டியும் ஏறின. 2019 அக்டோபர் 31இல் நாடு முழுவதும் பழைய ஒளிபரப்பு முறை நிறுத்தப்பட்டபோது, அஸ்ட்ரோ இல்லாத பழைய டிவிக்காரர்களும் ஒரு பெட்டி வாங்கி மாட்ட வேண்டியதாயிற்று. இப்போது இணையத்திலிருந்து படம் இறக்கும் ஆண்ட்ராய்டு பெட்டி. டிவி தட்டையாகிச் சுவரில் படம்போல் தொங்கத் தொடங்கிய பிறகு, பெட்டி என்ற பெயர் அதை விட்டு அதன் கீழே இருக்கும் சின்னக் கருவிக்கு இறங்கிவிட்டது. இதைக் கவனித்தவர் குறைவு. பெயர் பொருளை விட்டு நகர்ந்து, தனக்கேற்ற வடிவத்தைத் தேடிப் போயிருக்கிறது.

ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது. மைக்ரோசாப்ட் 2001இல் விற்கத் தொடங்கிய விளையாட்டுக் கருவி எக்ஸ்பாக்ஸ். நிறுவனத்தின் டைரக்ட்எக்ஸ் தொழில்நுட்பத்தின் பெயரில் பாதி, பெட்டியில் பாதி. கோப்புகளைப் பத்திரப்படுத்தும் சேவைக்கு டிராப்பாக்ஸ் என்று பெயர். உலகின் முன்னணி நிறுவனங்கள் பெட்டி என்று பெயர் வைத்தால் அது நவீனம், தோட்டத்துத் தாத்தா ஐஸ்பெட்டி என்றால் அது பாமரம் என்று எண்ணுவது நியாயமே இல்லை.

விளையாட்டுகளில் இந்தச் சொல் இன்னும் கூர்மையாக நிற்கிறது. புதையல் பெட்டி இல்லாத சாகச விளையாட்டு அரிது. மலாயில் அதற்குப் 'பெத்தி ஹர்தா காருன்' என்பார்கள். இந்தத் தொடரைப் பிரித்துப் பார்க்கும் இன்பமே தனி. பெத்தி தமிழ். ஹர்தா வடமொழி அர்த்தத்திலிருந்து வந்தது, செல்வம் என்று பொருள். காருன் திருக்குர்ஆனில் வரும் பெருஞ்செல்வனின் பெயர். மூன்று சொல்லும் மூன்று கடலிலிருந்து வந்து மலாக்கா நீரிணையில் சேர்ந்தவை. அஞ்சல் பெட்டியான 'பெத்தி சூராட்' கூட அப்படித்தான். சூராட் அரபு வழி வந்த சொல்.

இன்றைய கைப்பேசி விளையாட்டுகளில் வரும் லூட் பாக்ஸ் என்பதை மட்டும் பெட்டி என்று மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை பணம் கட்டுகிறான், மூடியைத் திறந்த பிறகே உள்ளே இருப்பது பயனுள்ளதா குப்பையா என்று தெரிகிறது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. அது சரியான தீர்ப்பு. கட்டிலுக்கடியில் இருந்த தகரப்பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். தெரியாத சரக்கைக் காசு வாங்கிக்கொண்டு நீட்டுவதற்கு நம் மொழியில் சூது என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

புதுச்சொல் ஆக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளும் இயக்கங்களும் இதில் தமிழகத்தைவிடத் துணிந்தவை. வாட்ஸ்அப்புக்குப் புலனம், ஆன்லைனுக்கு இயங்கலை, தம்ப் டிரைவுக்கு விரலி என்று அழைப்பிதழ்களிலும் பள்ளி அறிவிப்புகளிலும் எழுதுகிறார்கள். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்ட பிறகு இயங்கலை வகுப்பு என்பது பிள்ளைகள் வாயிலும் ஏறிவிட்டது. இவற்றில் விரலியை நான் முதலிடத்தில் வைப்பேன். பொருளைக் கையில் எடுத்தவனுக்கு விளக்கம் தேவையில்லை. புலனம் அழகான சொல்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது விளக்க வேண்டியிருக்கிறது. பெட்டி இந்த இரண்டுக்கும் மூத்தது. அதை யாருக்கும் விளக்க வேண்டியதே இல்லை.

ஆனால் அதைத்தான் நாம் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். கூகுள் மின்னஞ்சலை மலாய் மொழிக்கு மாற்றினால், வந்த கடிதங்கள் இருக்கும் இடத்தின் பெயர் 'பெத்தி மாசுக்'. மாசுக் என்றால் உள்ளே வருதல். இந்தோனேசிய மொழிக்கு மாற்றினால் 'கோத்தாக் மாசுக்'. அங்கே பெத்தி என்றால் பலருக்குச் சவப்பெட்டியான 'பெத்தி மாத்தி' நினைவு வரும், கோத்தாக்தான் வழக்கமான பெட்டி. அடுத்துத் தமிழுக்கு மாற்றினால் 'இன்பாக்ஸ்' என்று வருகிறது. நம் பெட்டியை மலாய்க்காரர் திரையில் வைத்திருக்கிறார்கள், நாம் ஆங்கிலப் பெட்டியைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். இதைப் பார்த்த நாளில் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

முகநூலில் எழுதும் தமிழர் பலர் 'உள்பெட்டி' என்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் அது ஆங்கிலச் சொல்லின் இரண்டு பாதியையும் அப்படியே பெயர்த்தது. பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு சிறு பெட்டி என்றும் பொருள் தருகிறது. மலாய்க்காரர் செய்ததைப் போல வருதல் என்ற வினையைப் பிடித்தால் 'வரவுப்பெட்டி' கிடைக்கிறது. வரவு நமக்குக் கணக்கேட்டுச் சொல். எது எப்போது யாரிடமிருந்து வந்தது என்று தேதி போட்டு வரிசையாகப் பதியும் இடம். மின்னஞ்சல் அதையேதான் செய்கிறது. அனுப்பக் காத்திருக்கும் கடிதங்களுக்கு மலாயில் 'பெத்தி கெலுவார்'. தமிழில் 'செல்பெட்டி' என்றால் குறையொன்றும் இல்லை.

நிறுவனங்கள் திரையை மாற்றித் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மெர்லிமாவிலும் பூலாவ் செபாங்கிலும் கணினி வகுப்பு எடுக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் திரையைக் காட்டி "வரவுப்பெட்டியைத் திறங்க" என்று நாளைக்குச் சொல்லிப் பார்க்கலாம். வகுப்பில் ஒரு பிள்ளைகூட என்ன பெட்டி என்று கேட்கப்போவதில்லை.